பலகை நிற்கவில்லை

"பலகையத் தண்ணியில ஊறப்போட்டது யாரு?"

கிறேஸ் குசினிக்குள் நின்று கேட்டாள். வீட்டில் இருந்ததே மூன்று பேர். மகன் ரெஜினோல்ட், கதவு போட்டு அடைத்த முன் திண்ணையான இஸ்தோப்பில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தான். பாத்திரம் கழுவுகிற விஷயத்தில் அவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. மிச்சம் இருந்தது மருமகள் மெரினா.

"நான் ஊறப்போடல மாமி."

"அப்ப அது தானா எழும்பிப் போயி பீலியில குளிச்சிட்டு வந்திருக்கும்."

"ரெண்டு பக்கமும் கழுவி, தொடச்சி, நீங்க காட்டுன எடத்துலதான் சாத்துனேன்."

"சாத்துன பலகை ஏன் குப்புறக் கெடக்குது?"

மெரினா எட்டிப் பார்த்தாள். பலகை குப்புறத்தான் கிடந்தது.

பலாமரப் பலகை. ஒரு முழம் நீளம், இரண்டு விரல் தடிப்பு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன், கலியாணம் முடிந்து இந்தத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய ஆறு வீட்டு வரிசையின் கடைசியான தொங்கல் வீட்டுக்கு வந்த மாதத்தில், தெஹியோவிட்ட கடைவீதியில் பளீல் நானாவின் மரக்கடையில் கிறேஸ் அறுத்து வாங்கியது. வாங்கிக் கொடுத்த புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். பலகை இருந்தது. மீனும் இறைச்சியும் பலாக்காயும் வெட்டியும் அதில் ஒரு குழி விழவில்லை; இன்றைக்கு ஒரு முகம், நாளைக்கு மறு முகம் என்று மாற்றி மாற்றித்தான் வெட்டுவாள்.

எட்டு மாதத்துக்கு முன் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மெரினா கலியாணமாகி வந்தபோது, முதல் கிழமையே பாடம் நடந்தது.

"வெட்டி முடிச்சதும்?"

"ஒடனே கழுவணும்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சா வளைஞ்சிரும்."

"அப்பறம்?"

"கல்லுப்பும் எலுமிச்சங்காயும் வச்சித் தேய்க்கணும். தொடச்சி, நிமித்திச் சாத்தணும்."

"படுக்க வச்சா?"

"அடியில காத்துப் போகாது. பூஞ்சணம் புடிக்கும்."

"வெயில்ல வச்சா? அடுப்போரம் வச்சா?"

"வெடிக்கும்."

"எண்ணெ?"

"மாசத்துல மொத சனிக்கெழம. சூடு காட்டுன தேங்காண்ணெ. தடவி ஊற விட்டு, மறுநாள் அழுத்தித் தொடைக்கணும்."

"ஓ.எல். சோதனைக்கிக்கூட எங்கம்மா என்கிட்ட இவ்வளவு கேக்கல," என்று அன்றைக்கு ரெஜினோல்ட் சிரித்தான்.

"கேட்டிருந்தா நீ பாசாகியிருப்ப," என்றாள் கிறேஸ்.

சாத்துவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. குசினியின் பின்சுவரில், ஜன்னலுக்குக் கீழே. முப்பத்தொரு வருஷத்து எண்ணெய், பலகையின் மேல் விளிம்பு படுகிற இடத்தில் சுவரில் ஒரு கறுப்புக் கோடாக ஏறியிருந்தது. அடி விளிம்பு நிற்கிற இடத்தில் சீமெந்துத் தரையிலும் ஒரு கோடு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சுண்ணாம்பு அடித்து மறைப்பார்கள். பெப்ரவரிக்குள் சுவர்க் கோடு திரும்ப வந்துவிடும்.

அந்த இடத்திலிருந்துதான் திங்கட்கிழமை காலை பலகை விழுந்திருந்தது.

மே மாதக் கடைசி. எட்டு நாளாக மழை. மழையென்றால் பால்வெட்டு இல்லை. ரப்பர் மரங்களில் சிரட்டைகள் தண்ணீர் நிரம்பித் தொங்கின. ஆறு வீட்டு ஆட்களும் லயத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மலை. இரண்டு வருஷத்துக்கு முன் அதில் நின்ற கிழட்டு ரப்பர் மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். கன்றுகள் இன்னும் ஆள் உயரம் வரவில்லை. தொங்கல் வீட்டுக் குசினி ஜன்னலைத் திறந்தால் சிவப்பு மண்தான் தெரியும்.

"அண்ணே, போத்தல்ல எவ்வளவு?"

கிறேஸ் ஜன்னல் வழியாகக் கேட்டாள். செபஸ்ரியன் குடையோடு வந்துகொண்டிருந்தார். நடு வீட்டுக்காரர், கோயிலில் ஜெபம் சொல்லுகிறவர். மண்சரிவு அபாயம் பார்க்க வந்த அதிகாரிகள் கொடுத்துவிட்டுப் போன மழை அளக்கும் போத்தல் அவர் பொறுப்பில் இருந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் லயமே கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்க வேண்டும்.

"செவப்புக்கு இன்னும் நாலு வெரல் இருக்குது. பயப்புட ஒண்ணுமில்ல."

"நான் எங்க பயந்தேன். எறங்கச் சொன்னா எறங்க மாட்டேன்னு சொல்லத்தான் கேட்டேன்."

போன வருஷம் மூன்று தடவை இறங்கியிருந்தார்கள். மூன்று தடவையும் மலை அப்படியே நின்றது. கிறேஸுக்கு எட்டுக் கோழி காணாமல் போனதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமையும் பலகை விழுந்தது. கிறேஸே தன் கையால் சாத்தியது. பூனையைத் திட்டினாள்.

"பூன மூணு நாளா நம்ம வீட்டுப் பக்கம் வரல மாமி," என்றாள் மெரினா.

"நீ பாத்துக்கிட்டே இருந்தியா?"

"சோறு வச்சேன். வச்ச சோறு அப்படியே இருக்குது."

"ஒன் சமையல் பூனைக்கும் புடிக்காமப் போயிருக்கும்."

மெரினா கதவைத் திறந்து வெளியே போகப் பார்த்தாள். குசினிக் கதவு பாதியில் தரையில் உரசி நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"மழைக்கிப் பலகையெல்லாம் ஊதிப் போச்சு," என்று இஸ்தோப்பிலிருந்து ரெஜினோல்ட் சொன்னான்.

"கதவு மழையில ஊதுச்சி. சரி. வெட்டுப் பலகை உள்ளுக்குத்தானே இருந்திச்சு? அது எப்புடி வளைஞ்சிச்சு?" கிறேஸ் பலகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் கண் வெள்ளெழுத்துக் கண். அவளுக்கு அது வளைந்துதான் தெரிந்தது. "போன கெழம ஒரு நாள் இத ஈரத்தோட தரையில படுக்க வச்சியா இல்லியா? உண்மையச் சொல்லு."

மெரினா பொய் சொல்லியிருக்கலாம்.

"ஒரு நாள் வச்சேன். தலவலி. விடிஞ்சதும் எடுத்துத் தொடச்சேன்."

"அவ்வளவுதான். முடிஞ்சிச்சி."

முடிந்தது என்றால் கிறேஸோடு முடியவில்லை. அன்று சாயந்தரம், மலை ஊற்றுத் தண்ணீர் குழாயில் விழுகிற பீலியடியில் லயத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் சொன்னாள். முப்பத்தொரு வருஷமா நான் காப்பாத்துன பலகைய எட்டு மாசத்துல வளைச்சிட்டா. ஞாயித்துக்கெழம அவ அம்மா வரட்டும், அவங்க கையிலயே பலகையக் குடுத்துக் கேக்குறேன். மெரினா பின்னால் குடத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பீலியில் தண்ணீர் பால் ஊற்றாத தேயிலைச் சாயம் போல விழுந்தது.

"தண்ணி ஏன் இப்புடிக் கலங்கி வருது?" என்று அவள் கேட்டாள்.

"மழைன்னா கலங்கத்தான் செய்யும். ஒங்க ஊர்ல மழை பெய்யாதா?" என்றாள் யாரோ ஒருத்தி.

"பெய்யும். ஆனா ஊத்துத் தண்ணி கலங்காது."

"றக்வானத் தண்ணி படிச்ச தண்ணி போல," என்றாள் கிறேஸ். பெண்கள் சிரித்தார்கள்.

புதன்கிழமை மெரினா பலகையைத் தரையில் போட்டு, உப்பைத் தூவி, எலுமிச்சங்காயை அதன் மேல் வைத்துவிட்டுக் கத்தியை எடுக்கத் திரும்பினாள். காய் உருண்டு பலகையை விட்டு இறங்கி, இஸ்தோப்புப் பக்கமாக ஓடியது. எடுத்து வைத்தாள். மறுபடியும் ஓடியது.

வளைந்துதான் விட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. பலகையின் தலையைக் காலாகத் திருப்பிப் போட்டாள். வளைவு பலகையில் இருந்தால் காய் இப்போது பின்சுவர்ப் பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை. இஸ்தோப்புப் பக்கமே வந்தது. புரட்டிப் போட்டாள். அப்போதும் இஸ்தோப்புப் பக்கம்.

"ஏங்க, கொஞ்சம் வந்து பாருங்க."

ரெஜினோல்ட் எழும்பாமலே எட்டிப் பார்த்தான். காய் வாசற்படியில் வந்து தட்டி நின்றது.

"எப்புடித் திருப்பி வச்சாலும் இந்தப் பக்கமே வருது."

"அதுக்கும் உள்ளுக்க இருந்து அலுத்துப் போச்சு. வெளிய போகப் பாக்குது."

"வெளையாடாதீங்க. பலகை வளையலன்னு மாமிக்கிட்ட சொல்லுங்க."

கிறேஸ் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "எல்லாப் பக்கமும் ஓடுதுன்னா எல்லாப் பக்கமும் வளைஞ்சிருச்சி. இதுக்கு ஏன் அவன எழுப்புற?"

"அப்ப நான் ஊறப்போடலன்னு யாரு சொன்னா நம்புவீங்க?"

கிறேஸ் யோசித்தாள். அவளும் ஒரு நியாயக்காரிதான். "அறுத்துக் குடுத்தவர் சொன்னா நம்புறேன். நாளைக்கிப் பலகையத் தூக்கு. ரெண்டு பேரும் போவோம். நானா வளைஞ்சிருச்சின்னு சொன்னா, ஞாயித்துக்கெழம ஒங்கம்மாவோட நீயும் போயி நாலு நாள் இருந்துட்டு வா."

"வளையலன்னு சொன்னா?"

"சொல்ல மாட்டாரு."

வியாழக்கிழமை காலை பலகையை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். போகும் வழியில் பீலியடியைத் தாண்டினார்கள். மெரினா நின்றாள்.

"மாமி. தண்ணி வரல."

மூங்கில் குழாயிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. மேலே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

"மேல எங்கயாவது எல அடைச்சிருக்கும். வா, பஸ்ஸு போயிரும்."

பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்து, "மொக்கத அம்மே ஓக்க?" என்றான், இது என்ன என்று. வெட்டுப் பலகை என்று கிறேஸ் சிங்களத்தில் சொன்னாள். அது எதற்கு ஊர்வலம் போகிறது என்று அவன் கேட்டான். "நடு ஹாமுதுருக்கிட்ட," என்றாள் கிறேஸ், நீதவானிடம் என்று. பின் சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். மெரினா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் பஸ் திரும்பும்போது ஒரு தடவை மட்டும் மலை முழுசாகத் தெரிந்தது. பச்சைக்கு நடுவே அந்தப் புதுக் கன்றுச் சரிவு மட்டும், தோல் உரித்த இடம் போல.

பளீல் நானாவின் கடையில் இப்போது ஆணியும் பூட்டும் பெயின்ட்டும் கூட இருந்தன. அறுபத்தைந்து வயதிருக்கும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"வாங்க கிறேஸ் அக்கா. என்ன இந்த மழையில மரத்தத் தூக்கிக்கொண்டு?"

"ஒரு தீர்ப்புச் சொல்லணும் நானா. இது நீங்க அறுத்துக் குடுத்த பலகை. இது என் மருமக. ரெண்டுல ஒண்ணு கோணல். எதுன்னு சொல்லுங்க."

"மருமகள்ட முகத்துல கோணல் தெரியல்ல," என்றார் அவர். "பலகையத் தாங்க."

சாக்கைப் பிரித்தார். ஒரு கண்ணை மூடி விளிம்பு வழியே பார்த்தார். திருப்பி, குறுக்கே பார்த்தார். பிறகு கல்லாவின் கண்ணாடி மேல் வைத்து, நான்கு மூலையையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"கேளுங்க. சத்தம் ஈக்கா?"

"என்ன சத்தம்?"

"வளைஞ்ச பலகை கண்ணாடி மேல டக்கு டக்கென்டு ஆடும். இது அசைய இல்ல." ரசமட்டத்தை எடுத்துப் பலகையின் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் வந்து நின்றது. குறுக்கே வைத்தார். அப்போதும் நடுவில். "முப்பது வருஷத்துப் பலகை. வெடிப்பு இல்ல, பூஞ்சணம் இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காஞ்சீக்கி. யாரு கடைசியாக் கழுவினது?"

"நான்தான்," என்றாள் மெரினா.

"நல்லாப் பாத்தீக்கிறீங்க மகள்."

கிறேஸின் முகம் என்னவோ போலாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்ப ஏன் விழுது? நாலு நாளா விழுது. அதே சுவரு, அதே எடம்."

"சாத்திப் பாப்பமே."

கடைச் சுவரில் சாத்தினார். நின்றது. வெளியே அவிசாவளை பஸ் ஒன்று கண்ணாடி அதிரப் போனது. பலகை நின்றது.

"எங்க விழுது?"

"வீட்டுல மட்டுந்தான்," என்றாள் மெரினா. பிறகு எலுமிச்சங்காயின் கதையைச் சொன்னாள். தலையைக் காலாகத் திருப்பியது, புரட்டிப் போட்டது, எல்லாம்.

பளீல் கேட்டுக்கொண்டே ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"எல்லாத் தடவையும் ஒரே பக்கமா?"

"ஒரே பக்கம். வாசப் பக்கம்."

"வாசப் பக்கமென்டா பள்ளப் பக்கமா?"

"ஓம்."

அவர் கிறேஸைப் பார்த்தார். "அக்கா, கோவிக்க வேணாம். பலகை நேராத்தான் ஈக்கி. ஒங்கட தரைதான் நேரா இல்ல."

கிறேஸ் பலகையை எடுத்துச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தாள்.

"லயம் பழசு நானா," என்றாள் கிறேஸ். குரல் இறங்கியிருந்தது. "வெள்ளக்காரன் காலத்து லயம்."

"பழைய கோணல் பழைய நாள்ளயே ஈக்கும். திங்கக்கெழம வராது."

"பீலியில காலையில தண்ணி நின்னு போச்சு," என்றாள் மெரினா. யாரும் கேட்காமலே சொன்னாள்.

"இந்த மழையிலயா?"

"ரெண்டு நாளா மண்ணாட்டம் வந்திச்சு. இன்னைக்கி அதுவும் இல்ல."

பளீல் கடைக் கதவின் ஒரு பாதியை இழுத்து மூடினார். மற்றப் பாதிக்குப் போகிற வழியில், "மகனுக்குப் போன்ல கோல் எடுங்க," என்றார். கிறேஸ் எடுத்தாள். ரெஜினோல்டின் போன் செத்திருந்தது. லயத்தில் முந்தின நாளே கரண்ட் போய்விட்டது.

அவருடைய த்ரீவீலில்தான் ஏறினார்கள். மலையடியில் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் வரைதான் வண்டி போகும். வழியில் கிறேஸ் பலகையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும் பேசினாள்.

"தரையில படுக்க வச்சத நீ ஏன் ஒத்துக்கிட்ட? இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"வச்சேனே மாமி," என்றாள் மெரினா.

ஸ்டோரிலிருந்து மேலே நடை. பளீலுக்கு மூச்சு வாங்கியது. லயத்தின் முன்னால் வந்தபோது ரெஜினோல்டின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"அம்மா, கதவ வெளியில இருந்து ஒதைங்க. ரெண்டு கதவும் தொறக்க மாட்டேங்குது."

"எவ்வளவு நேரமா?"

"காலையில இருந்து. மழையில ஊதிருச்சின்னு விட்டுட்டேன். பசிச்ச பொறகுதான் பாத்தேன்."

மெரினாவும் கிறேஸும் சேர்ந்து உதைத்தார்கள். மூன்றாவது உதையில் கதவு திறந்தது. நிலையின் மேல் மூலையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

பளீல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ரசமட்டத்தைக் குசினித் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நிற்கவேயில்லை. மலைப்பக்க முனைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

கதவு உதைத்த சத்தத்துக்கு லயமே வந்துவிட்டது. குசினியிலும் இஸ்தோப்பிலும் ஆட்கள். செபஸ்ரியன் முன்னால் நின்றார், கையில் போத்தலோடு.

"செவப்புக்கு இன்னும் ரெண்டு வெரல் இருக்கு," என்றார். "நானா, நீங்க நல்ல மனுசன். ஆனா இந்த லயம் நேரா இருந்தத யாரு பாத்தா? போன வருஷம் மூணு தடவ எறங்கி, மூணு தடவ ஏறுனோம். புள்ளைங்களுக்குக் காய்ச்சல்தான் வந்திச்சு."

"போத்தல ஒவ்வொரு நாளும் ஊத்திர்றீங்களா பெரியப்பா?" என்று கேட்டாள் மெரினா.

"காலையில ஊத்திட்டுத்தான் புதுசா வைக்கணும். அப்புடித்தான் சொன்னாங்க."

"பதினொரு நாளா ஊத்துனத எங்க ஊத்துனீங்க?"

"எங்க ஊத்துவாங்க? மண்ணுலதான்."

சொன்ன பிறகு அவரே ஜன்னலைப் பார்த்தார். ஆனால் வாய் நிற்கவில்லை. "கிறேஸ், நீங்க செவ்வாக்கெழம பீலியில வச்சி என்ன சொன்னீங்க? பலகை வளைஞ்சிருச்சி, மருமக வளைச்சிட்டான்னு லயத்துக்கே சொன்னீங்க. இன்னைக்கி வளைஞ்ச பலகைய நம்பி நாங்க இருவத்திமூணு பேரும் எறங்கணுமா?"

எல்லாரும் கிறேஸைப் பார்த்தார்கள். அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுத்து யாரும் பார்த்ததில்லை. மெரினா கீழே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னேன்," என்றாள் கிறேஸ். "தப்பாச் சொன்னேன். பலகை வளையல. இவ அதுக்கு ஒண்ணும் செய்யல. என் கண்ணுதான் கோணல்."

பலகையை எடுத்துப் பின்சுவருக்குப் போனாள்.

"லயம் எப்பவும் கோணல்னு சொல்றீங்கதானே அண்ணே. முப்பத்தொரு வருஷமா இத இந்தக் கோட்டுலதான் வைக்கிறேன். ஒரு நாள் விழுந்ததில்ல. எப்பவும் கோணல்னா எப்பவும் விழுந்திருக்கணும். இங்க வாங்க. கிட்ட வாங்க."

அடி விளிம்பைத் தரையில் இருந்த கோட்டில் வைத்தாள். மேல் விளிம்பைச் சுவரில் சாய்த்துக் கையாலேயே பிடித்துக்கொண்டாள். மேல் விளிம்பு சுவரில் இருந்த கறுப்புக் கோட்டைத் தொடவில்லை. இரண்டு விரல் கீழே நின்றது.

"இந்தக் கறை என் எண்ணெக் கறை. பலகை வளரவும் இல்ல, குறையவும் இல்ல. பலகையோட அடி அடிக்கோட்டுலதான் இருக்கு. மேக்கோடு ஏன் எட்டல?"

பளீல்தான் மெல்லச் சொன்னார்: "சுவரு அங்கயே நிக்கிது. தரை வெலகிப் போகுது."

செபஸ்ரியன் குனிந்தார். சுவரும் தரையும் சேருகிற இடத்தில் கறுப்பாக ஒரு கீற்று. ஈரம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் சுட்டுவிரலை வைத்தார். விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போனது. எடுத்துப் பார்த்தார். நுனியில் சிவப்புச் சேறு.

கிறேஸ் பலகையை விட்டுக் கையை எடுத்தாள். அது ஒரு நொடி நின்று, தரையில் உரசிக்கொண்டு வந்து, செபஸ்ரியனின் காலடியில் குப்புற விழுந்தது.

"புள்ளைங்கள மொதல்ல எறக்குங்க," என்றார் அவர்.

யாரும் அதிகம் எடுக்கவில்லை. அடையாள அட்டை, பேங்க் புத்தகம், குழந்தைகளின் துணி, கோயில் பெட்டியில் இருந்த அந்தோனியார் சுரூபம். கோழிக் கூடுகளைத் திறந்துவிட்டார்கள். ரெஜினோல்ட் ஒரு கிழவியை முதுகில் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வரை இறங்கினான். பளீல் அங்கேயிருந்து த்ரீவீலில் நான்கு நடை அடித்தார். கிறேஸ் வீட்டைப் பூட்டப் பார்த்தாள்; கதவு நிலைக்குள் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்தாள். கையில் பலகை மட்டும்.

பள்ளிக்கூடம் லயத்து மலைக்குக் கீழே ஓடும் ஆற்றைத் தாண்டி, எதிர்ச் சரிவில். பின்னேரம் மூன்றரைக்கு இருபத்திமூன்று பேரும் ஒரு வகுப்பறைக்குள் இருந்தார்கள். செபஸ்ரியன் இரண்டு தடவை எண்ணினார். மெரினா, பழக்கதோஷம், பலகையை முந்தானையால் துடைத்து, கரும்பலகைக்குக் கீழே சுவரில் நிமிர்த்திச் சாத்தினாள். கிறேஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது.

நாலு மணிக்குத் தேத்தண்ணீர் வந்தது. மழை விட்டது. மழை விட்டதும் ஆட்களுக்குப் பேச்சு வந்தது.

"பாத்தீங்களா, விட்டிருச்சி."

"நாளைக்கி ஏறிரலாம்."

"இந்தத் தடவ யாரு கோழி போகப் போகுதோ."

செபஸ்ரியன் குடையைத் தேடி எடுத்தார். "ஆட்டுக்குட்டி ரெண்டையும் அவுத்து விட மறந்துட்டேன். பின்னுக்குக் கட்டியிருக்கேன். ஓடிப் போயிட்டு வந்துர்றேன்."

"போகாதீங்க அண்ணே," என்றாள் கிறேஸ்.

"மழை இல்லியே."

"தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

"வந்து குடிக்கிறேன்."

"ஆறிரும். குடிச்சிட்டுப் போங்களேன். அஞ்சு நிமிஷம்."

அவளிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. அவர் குடையை மடக்காமலே நின்று கோப்பையை வாங்கினார். வாயருகே கொண்டு போனார்.

பலகை தரையில் உரசுகிற சத்தம் கேட்டது.

யாரும் கிட்ட இல்லை. அறை முழுக்கத் திரும்பிப் பார்க்க, பலகையின் அடி மெல்ல நகர்ந்து, நகர்ந்து, டக்கென்று விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. செபஸ்ரியனின் கோப்பையில் தேத்தண்ணீர் வட்டம் வட்டமாக அசைந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. நூறு லொறி ஒரே நேரத்தில் கல் கொட்டுவது போல. அது நிற்க வெகுநேரம் ஆனது. நின்ற பிறகு, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பச்சை மண்ணின் வாசம் வந்து அறையை நிறைத்தது.

யாரும் ஜன்னலுக்குப் போகவில்லை. பளீல் உதட்டுக்குள் என்னவோ ஓதிக்கொண்டிருந்தார். செபஸ்ரியன் விரித்த குடையோடு பிள்ளைகள் உட்காரும் ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

ரெஜினோல்ட்தான் கடைசியில் போய் எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினான்.

"என்ன தெரியுது?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ஒண்ணும் தெரியல," என்றான் அவன். "அங்க ஒண்ணும் இல்ல."

ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மெரினா எழுந்து போய், விழுந்து கிடந்த பலகையை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். இரண்டு பக்கமும். சுவரில் சாத்தக் குனிந்தாள்.

கிறேஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் மகள்," என்றாள். "படுக்க வையி."